முதல் வீடு: பேங்க் தர்ற 40 லட்சமா, உங்களால முடிஞ்ச 28 லட்சமா?

"டேக் ஹோம் 70,000 ரூபாய். 40 லட்சம் வரைக்கும் ஹோம் லோன் கிடைக்கும்னு பேங்க்ல சொல்றாங்க. சென்னையில வீடு வாங்கலாமா?"

வீடு பத்தி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும், தொகை மட்டும் மாறி இந்தக் கேள்வி வந்துடும். வீடியோவுல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத கணக்கை இங்க கொஞ்சம் நிதானமா பார்த்துடலாம். உதாரணத்துக்கு ஒருத்தரை வெச்சுக்குவோம். வயசு 29, ஆபீஸ் கிண்டி, கைக்கு வர்ற சம்பளம் 70,000. இதுவரைக்கும் சேர்த்து வெச்சது 15 லட்சம். வேற கடன் எதுவும் இல்ல. உங்க சம்பளம் வேறயா இருந்தா அந்தந்த இடத்துல உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

முதல்ல அந்த 40 லட்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. கைக்கு வர்ற சம்பளத்துல பாதி வரைக்கும் இ.எம்.ஐ. போகலாம்னு பல வங்கிகள் கணக்கு போடும். 70,000-ல பாதி 35,000. 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா 40 லட்சத்துக்கு இ.எம்.ஐ. 34,713 ரூபாய். கச்சிதமா உள்ள வந்துடுது. ஆனா அந்தப் பாதிக்குள்ள உங்க அப்பாவோட மருந்து செலவு, தங்கச்சி கல்யாணம், நாளைக்கு பிறக்கப் போற குழந்தையோட ஸ்கூல் ஃபீஸ் எதுவும் பேங்குக்குத் தெரியாது. பேங்க் பார்க்கிறது, நீங்க கட்டாம விட்டா வீட்டை வித்து அசலை எடுக்க முடியுமா என்பதைத்தான். நீங்க அந்த வீட்டுக்குள்ள நிம்மதியா தூங்குவீங்களா என்பது அவங்க படிவத்துல இல்ல.

என்னோட கணக்கு 35 சதவீதம். 70,000-க்கு 24,500. அதே வட்டி, அதே 20 வருஷத்துக்கு 28 லட்சம் கடன், இ.எம்.ஐ. 24,299. மனைவியோ கணவரோ வேலைக்குப் போனாலும் முடிஞ்ச வரைக்கும் ஒரு சம்பளத்தை வெச்சு கணக்கு போடுங்க. ரெண்டு சம்பளத்தையும் சேர்த்து கடன் வாங்கிட்டு, குழந்தை பிறந்த பிறகு ஒருத்தர் வேலையை விட முடியாம தவிக்கிற வீடுகள் நிறைய.

"30 வருஷமா போட்டா இ.எம்.ஐ. குறையுமே?" குறையும். 40 லட்சத்துக்கு 34,713-லேர்ந்து 30,757 ஆகும். மாசம் 4,000 ரூபாய்கூட முழுசா மிச்சமில்ல. ஆனா மொத்த வட்டி சுமார் 43 லட்சத்துலேர்ந்து 70 லட்சத்தைத் தாண்டிடும். நாலாயிரத்துக்காக 27 லட்சம் கூடுதல் வட்டி. 30 வருஷம் போட்டாதான் வாங்க முடியும்னு ஒரு வீடு இருந்தா, அந்த வீடு உங்க பட்ஜெட் இல்லன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. ஃப்ளோட்டிங் வட்டி ஏறும்போது வங்கிகள் பெரும்பாலும் இ.எம்.ஐ.யை ஏத்தாம தவணைக் காலத்தை நீட்டிடும். உங்க அக்கவுன்ட்ல போற தொகை மாறாததால உங்களுக்கு உறைக்காது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுறதா, காலத்தை நீட்டுறதான்னு தேர்ந்தெடுக்கிற வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்கணும்னு 2023-ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. கேட்டு வாங்கிக்கோங்க. தனிநபருக்கான ஃப்ளோட்டிங் ஹோம் லோனை முன்கூட்டியே கட்டினா அபராதம் கிடையாது, அதனால போனஸ் வந்தா அசல்ல போடலாம்.

வீட்டு விலை வேற, வீடு வாங்க ஆகிற செலவு வேற

28 லட்சம் கடன்னா எவ்வளவு விலையில வீடு பார்க்கலாம்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான கடன்ல வீட்டு மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம், 30-லேர்ந்து 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதம், அதுக்கு மேல 75 சதவீதம்தான் தர முடியும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இதெல்லாம் இந்த மதிப்புல சேராது (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு). அதாவது பதிவுச் செலவு முழுக்க உங்க பாக்கெட்.

கூடுவாஞ்சேரி பக்கம் கட்டிக்கிட்டிருக்கிற அடுக்குமாடியில 36 லட்சத்துக்கு ஒரு 2 பி.ஹெச்.கே. பார்த்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. கடன் போக 8 லட்சம் நீங்க போடணும். தமிழ்நாட்டுல பில்டர்கிட்டேர்ந்து முதல் முறையா வாங்குற ஃபிளாட்டுக்கு, 2023 டிசம்பர்லேர்ந்து நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்புக்குப் பதிவு. 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். 50 லட்சத்துலேர்ந்து 3 கோடி வரைக்கும் 7 சதவீதம். நம்ம 36 லட்சத்துக்கு 2.16 லட்சம். இதே விலையில பழைய ஃபிளாட் வாங்கினா 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம், 3.24 லட்சம். ஆனா பழைய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்ல.

கட்டிக்கிட்டிருக்கிற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 1.8 லட்சம். விலை 45 லட்சத்துக்குள்ள இருந்து, சென்னை மாதிரி பெருநகரத்துல கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ள, அதாவது சுமார் 645 சதுர அடிக்குள்ள இருந்தா 1 சதவீதம்தான், 36,000 ரூபாய். ஒரு சின்ன அளவு வித்தியாசத்துல 1.44 லட்சம் மாறுது. விலைப்பட்டியல்ல எந்த விகிதம் போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு கையெழுத்து போடுங்க. நிறைவுச் சான்றிதழ் வாங்கின பிறகு விக்கிற வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது.

இதுக்கு மேல பேங்க் பிராசஸிங் ஃபீஸ், பத்திரத்தை அடமானம் வைக்கிற எம்.ஓ.டி. பதிவு, வக்கீல் ஃபீஸ், ஈ.பி. டெபாசிட், அசோசியேஷனுக்கான கார்பஸ் ஃபண்ட். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம்னு வெச்சுக்கோங்க. 8 + 2.16 + 0.36 + 1.5, கிட்டத்தட்ட 12 லட்சம். கையில இருந்த 15-ல 3 லட்சம் மிச்சம். அதை கப்போர்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கொடுத்துடாதீங்க. வேலை போனா இ.எம்.ஐ. கட்டுறதுக்கு அதுதான் இருக்கு. கிச்சன்ல ஒரு ஷெல்ஃப், ரூமுக்கு ஒரு ஃபேன் போதும்; மத்ததெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சு.

"டாக்ஸ் மிச்சம் ஆகுமே" என்ற வாதம் இப்போ பெரும்பாலானவங்களுக்குப் பொருந்தாது. புதிய வரி முறையில சொந்தமா குடியிருக்கிற வீட்டோட வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டுலேர்ந்து 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்குறவருக்குப் புதிய முறையில வரியே வராது. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிக்கிறது?

சம்பளம் இதைவிடக் குறைவா இருக்கிறவங்க பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தோட வட்டி மானியத்தைப் பாருங்க. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். நாட்டுல எங்கேயும் கான்கிரீட் வீடு உங்க பேர்ல இருக்கக் கூடாது. அதிகபட்சம் 1.8 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணையா கடன் கணக்குல வரும். நம்ம உதாரண வீடு 36 லட்சம். விலையில ஒரு லட்சம் கூட, 28 லட்சம் கடனும் வரம்பைத் தாண்டிடுது. பேரம் பேச இதைவிட நல்ல காரணம் வேணுமா?

ஏரியா பார்க்கிறது

விளம்பரத்துல "ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்"னு போட்டிருப்பாங்க. எந்த 10 நிமிஷம்? ஞாயிற்றுக்கிழமை பில்டரோட கார்ல போற 10 நிமிஷமா? ஒரு திங்கட்கிழமை காலைல 8 மணிக்கு அந்த வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, டிரெயின்ல நின்னுக்கிட்டே ஆபீஸ் போய்ப் பாருங்க. சாயங்காலம் திரும்பியும் வாங்க. கடற்கரை - செங்கல்பட்டு லைன்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும். இன்னும் 20 வருஷம் பண்ணப்போற பயணத்தை ஒரு நாள் பண்ணிப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்?

ஆபீஸுக்குப் பக்கத்துல வீடு தேடாதீங்க, ரயில் பாதைக்குப் பக்கத்துல தேடுங்க. இன்னைக்கு கிண்டியில இருக்கிற வேலை ரெண்டு வருஷத்துல சிறுசேரிக்கோ அம்பத்தூருக்கோ மாறலாம். வீடு மாறாது. வரப்போற மெட்ரோ, வரப்போற பைபாஸ் இதுக்கெல்லாம் இன்னைக்கே விலை கொடுக்காதீங்க. இன்னைக்கு ஓடுற பஸ்ஸையும் டிரெயினையும் மட்டும் கணக்குல எடுங்க.

சென்னையில வீடு பார்க்க நல்ல மாசம் நவம்பரும் டிசம்பரும். 2015 டிசம்பர்ல அடையாறு பெருகினப்போ முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எப்படி மூழ்குச்சுன்னு பார்த்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்குல தண்ணி வடியல. இதனால அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்ல வரல. ஒரே ஊர்ல ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு காய்ஞ்சிருக்கும். அந்த வித்தியாசம் புரோக்கர் வாய்லேர்ந்து வராது. தெருமுனை டீக்கடையிலயும் அயர்ன் வண்டிக்காரர்கிட்டயும் கேளுங்க: "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர்ல கறை எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. புதுசா கட்டினவங்க எல்லாரும் தரைத்தளத்தை ரோட்டுலேர்ந்து நாலு அடி ஏத்திக் கட்டியிருந்தா, காரணம் இல்லாம ஏத்தியிருக்க மாட்டாங்க.

தண்ணி இன்னொரு கேள்வி. மெட்ரோ வாட்டரா, போர்வெல்லா, கோடையில லாரியா? கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகுதா, செப்டிக் டேங்க்கை லாரி வெச்சு எடுக்கணுமா? லாரிச் செலவெல்லாம் மெயின்டனன்ஸ்ல வந்து விழும். மாசம் 2,500 மெயின்டனன்ஸ்னா அதையும் இ.எம்.ஐ.யோட சேர்த்துத்தான் பார்க்கணும்.

சதுர அடிக் கணக்குல ஏமாறாதீங்க

ரெண்டு வீடு. முதல் வீடு 850 சதுர அடி, 36 லட்சம். சதுர அடி 4,235. ரெண்டாவது 780 சதுர அடி, 35.88 லட்சம், சதுர அடி 4,600. எது விலை குறைவு? முதல் வீடுதான்னு தோணும். இப்போ சூப்பர் பில்ட்-அப்பை விட்டுட்டு கார்பெட் ஏரியா கேளுங்க, அதாவது சுவருக்குள்ள நீங்க பாய் விரிக்கக்கூடிய இடம். முதல் வீட்டுல 620, ரெண்டாவதுல 640 இருந்தா கணக்கு தலைகீழ். முதல் வீடு கார்பெட் அடிக்கு 5,806, ரெண்டாவது 5,606. முதல் வீட்டுல நீங்க கூடுதலா வாங்கினது படிக்கட்டும் லிஃப்ட் லாபியும்தான். கார்பெட் ஏரியாவை எழுத்துல கொடுக்கணும்னு ரெரா சட்டமே சொல்லுது, கேட்கத் தயங்காதீங்க.

அடுத்தது யூ.டி.எஸ்., பிரிக்கப்படாத நிலப் பங்கு. 30 வருஷம் கழிச்சு கட்டடம் பழசாகி மதிப்பு இறங்கும்போது மிஞ்சப்போறது இதுதான். 2 கிரவுண்டுல, அதாவது 4,800 சதுர அடியில ஒரே அளவுல 8 வீடு கட்டினா, ஒவ்வொரு வீட்டுக்கும் 600 சதுர அடி வரணும். உங்க பத்திரத்துல 480-னு இருந்தா மீதி எங்க போச்சுன்னு கேளுங்க. எல்லா வீட்டோட யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினா மொத்த நிலம் வரணும்.

அந்த 2 கிரவுண்டு, 8 வீடு உதாரணத்தைச் சும்மா சொல்லல. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, 8 வீட்டுக்கு மேல கட்டினா ரெரா பதிவு கட்டாயம். 2 கிரவுண்டுன்னா 446 சதுர மீட்டர். 8 வீடுன்னா எட்டைத் தாண்டல. நம்ம புறநகர்ல சின்ன பில்டர்கள் கட்டுற நிறைய வீடு இந்த அளவுக்குள்ளதான் வருது. அது தப்பான வீடுன்னு அர்த்தமில்ல. ஆனா ரெரா பதிவு இருக்கும் திட்டத்துல கிடைக்கிற பாதுகாப்பு இங்க கிடைக்காது. வாங்குறவங்க கொடுத்த பணத்துல 70 சதவீதத்தைத் தனிக் கணக்குல வைக்கணும், தாமதமானா வட்டியோட பணத்தைத் திரும்பக் கேட்கலாம், பதிவு செஞ்ச ஒப்பந்தம் போடாம 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது, கட்டமைப்புக் குறைக்கு 5 வருஷப் பொறுப்பு - இதெல்லாம் ரெரா பதிவான திட்டத்துல சட்டமே தர்றது. பதிவு தேவையில்லாத சின்ன கட்டடத்துல எல்லாமே உங்க ஒப்பந்தத்துல எழுதி வாங்கணும். அதனால சின்ன பில்டர்கிட்ட வாங்குறவங்களுக்கு என் யோசனை: கட்டி முடிச்ச வீடா பாருங்க.

கட்டிக்கிட்டிருக்கிற வீடு எங்க வலிக்கும்னா, தாமதத்துல. 28 லட்சத்துல 60 சதவீதம், 16.8 லட்சம் பேங்க் ரிலீஸ் பண்ணிடுச்சு, வேலை நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ப்ரீ-இ.எம்.ஐ. வட்டி மட்டும் மாசம் 11,900. இப்போ இருக்கிற வீட்டு வாடகை 14,000. ரெண்டும் சேர்த்து 25,900. ஒரு வருஷம் இழுத்தா வட்டியா மட்டும் 1.43 லட்சம், அசல்ல ஒரு பைசா குறைஞ்சிருக்காது. "ஆறு மாசத்துல சாவி"ன்னு சொல்ற பில்டர் இதுக்கு முன்னாடி கட்டின கட்டடத்துக்கு நேர்ல போங்க. அங்க குடியிருக்கிறவங்களைக் கேளுங்க: சொன்ன தேதியில சாவி கொடுத்தாரா, மழைக்கு ஒழுகுதா, கூப்பிட்டா போன் எடுக்கிறாரா?

பத்திரம்: பேங்க் பார்த்தா போதுமா?

"பேங்க் லோன் கொடுக்குதுன்னா டாக்குமென்ட் கிளியர்தானே?" இல்ல. பேங்க் வக்கீல் பார்க்கிறது பேங்குக்காக. உங்களுக்காகப் பார்க்க உங்க செலவுல ஒரு வக்கீலை வையுங்க, பில்டரோ புரோக்கரோ சொல்ற ஆளா இருக்க வேண்டாம். 36 லட்சம் போடுற இடத்துல இந்தச் செலவுக்குக் கணக்கு பார்க்கிறது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே சிலது பார்க்கலாம். பதிவுத்துறையோட டி.என்.ரெஜிநெட் தளத்துல வில்லங்கத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பார்க்கலாம். வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் உரிய மூலப்பத்திரம் கையில இருக்கான்னு ஒண்ணொண்ணா ஒப்பிடுங்க. ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தா அங்கதான் பிரச்சினை. வில்லங்கத்துல வராத விஷயமும் உண்டு: நிலுவையில இருக்கிற கோர்ட் வழக்கு, பதிவு பண்ணாத உயில், கையெழுத்து போடாத ஒரு வாரிசு. பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் ஆன்லைன்ல இருக்கு. சர்வே எண் போட்டு, நிலம் நத்தமா, புறம்போக்கா, நீர்நிலையை ஒட்டினதான்னு பாருங்க.

பவர் மூலமா விக்கிறாங்கன்னா கூடுதல் கவனம். பவர் கொடுத்தவர் இறந்துட்டா பொதுவா அந்தப் பவரும் முடிஞ்சது. அவர் உயிரோட இருக்காரான்னு நேர்ல போய்ப் பார்க்கிறது அநாகரிகம் இல்ல.

சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் வரைபடத்தைக் கையில வெச்சுக்கிட்டு கட்டடத்துக்கு எதிர்ல நில்லுங்க. வரைபடத்துல எத்தனை மாடி, எத்தனை வீடு? எதிர்ல எத்தனை? மொட்டை மாடியில வரைபடத்துல இல்லாத ஒரு வீடு முளைச்சிருந்தா, "பெனால்டி கட்டி சரி பண்ணிடலாம் சார்"னு சொல்வாங்க. அந்த வீடுதான் கொஞ்சம் விலை குறைவாவும் கிடைக்கும். வாங்காதீங்க. நாளைக்கு நீங்க விக்கப் போகும்போது உங்களை மாதிரியே லோன் வாங்குற ஒருத்தர்தான் வருவாரு, அவரோட பேங்க் மறுத்துடும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ரெண்டு வரி எழுதி வாங்குங்க: பத்திரம் சரியில்லன்னாலோ பேங்க் லோன் மறுத்தாலோ முழுத் தொகையும் இத்தனை நாள்ல திருப்பித் தரப்படும். இந்த வரியை எழுத மறுக்கிறவர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பணத்தை அக்கவுன்ட்லேர்ந்தே கொடுங்க. பழைய வீட்டுக்காரர் "பாதி கேஷா கொடுங்க"ன்னா, அந்தப் பாதிக்கு பேங்க் கடனும் வராது, தகராறு வந்தா ஆதாரமும் இருக்காது. வீட்டு விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சு வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குற உங்க பொறுப்பு. மறந்தா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை

ஆறு மாசத்துக்கு இ.எம்.ஐ. கட்டுற மாதிரியே நடிச்சுப் பாருங்க. வாடகை 14,000, இ.எம்.ஐ.யும் மெயின்டனன்ஸும் சேர்த்து 26,800. வித்தியாசம் 12,800. சம்பளம் வந்த மறுநாளே அதை ஆர்.டி.யில போடுங்க. ஆறு மாசமும் தொடாம இருந்தா உங்களால முடியும், கையிலயும் 76,800 ரூபாய் சேர்ந்திருக்கும். மூணாவது மாசமே எடுத்துட்டீங்கன்னா அதுவும் நல்ல தகவல்தான், நஷ்டமில்லாம தெரிஞ்சுக்கிட்டீங்க.

வெளிநாடு போகிற வாய்ப்பு இருக்கிறவங்க, எந்த ஊர்ல செட்டில் ஆகப்போறோம்னு தெரியாதவங்க வாடகையிலேயே இருங்க. "வாடகை வீட்டுல இருக்கிறவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. இ.எம்.ஐ.யை அவங்க கட்டப் போறதில்ல.

லோன் கையெழுத்து போடுற அன்னைக்கு, கடனோட சேர்த்து ஒரே பிரீமியத்துல இன்ஷூரன்ஸ் பாலிசி ஒண்ணை நீட்டுவாங்க. அந்த பிரீமியத்தையும் கடன்லயே சேர்த்துடுவாங்க, அதுக்கும் 20 வருஷம் வட்டி கட்டுவீங்க. லோனுக்கு அது கட்டாயம் இல்ல. உங்களுக்கு ஏதாவது ஆனா குடும்பம் கடனைச் சுமக்கக் கூடாது என்பது சரிதான். அதுக்குத் தனியா ஒரு டெர்ம் பாலிசி எடுத்துக்கோங்க.

பதிவு முடிஞ்ச பிறகு புதுசா ஒரு வில்லங்கம் போட்டு உங்க பேர் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. இனிஷியல், கதவு எண், சர்வே எண் தப்பா இருந்தா உடனே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுடலாம். சொத்துவரி, ஈ.பி. இணைப்பு ரெண்டையும் பேர் மாத்துங்க. அசல் பத்திரங்களை பேங்க் வாங்கி வெச்சுக்கும். என்னென்ன வாங்கினாங்கன்னு பட்டியல் எழுதி சீல் போட்டு வாங்குங்க, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வையுங்க. கடன் முடிஞ்சா 30 நாளுக்குள்ள அசல் பத்திரத்தைத் திருப்பித் தரணும், வங்கியால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. இருபது வருஷம் கழிச்சு அதைக் கேட்கப் போகும்போது கையில அந்தப் பட்டியல் இருக்கணும்.